பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ்: முதலில் பெட்டியைத் திறந்து பாருங்கள்

2008 முதல் 2014 வரை வெவ்வேறு சமயத்தில் வாங்கிய டெஸ்க்டாப்கள் சில உங்களிடம் இருக்கின்றன. சிலவற்றில் விண்டோஸ் 7, சிலவற்றில் விண்டோஸ் 10. விண்டோஸ் 11 எதிலும் ஏறவில்லை. இணையம் பார்க்க, ஆவணங்கள் தட்டச்சு செய்ய, பிள்ளைகள் பாடம் படிக்க இவை போதும் என்று நினைக்கிறீர்கள். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டால் சரிவருமா, அதன் பல வகைகளில் எந்த லினக்ஸ் போடுவது, எப்படிப் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். திறமூலமாக, அதாவது மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருப்பதாக, இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறீர்கள்.

சரிவரும், ஆனால் எல்லாப் பெட்டிகளிலும் அல்ல. அதோடு, "எந்த லினக்ஸ்" என்பது இந்த விஷயத்தில் கடைசியாக வர வேண்டிய கேள்வி. உள்ளே எவ்வளவு ராம் இருக்கிறது, எந்த வகை டிஸ்க் இருக்கிறது, அதில் யார் உட்கார்ந்து என்ன செய்யப்போகிறார்கள் என்ற மூன்றும்தான் பலனைத் தீர்மானிக்கின்றன. இவற்றைப் பார்க்காமல் நாளுக்கொரு லினக்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, கடைசியில் "லினக்ஸும் மெதுவாகத்தான் இருக்கிறது" என்று கைவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் கணினிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தேவைப்பட்டது ஒரு எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க், மட்டுமே.

விண்டோஸ் 11 ஏறவில்லை என்பதால் கணினி செத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது. இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை, அதாவது 2017க்குப் பிந்தைய புராசஸரைக் கேட்கிறது. 2012இல் வந்த ஒரு ஐ5 புராசஸர் வேகத்தில் இன்றைய அன்றாட வேலைக்குத் தாராளமாகப் போதும். விண்டோஸ் 11 ஏற்கும் புராசஸர்களின் பட்டியலில் இல்லை என்பதால்தான் அது வெளியே நிற்கிறது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்தது. விண்டோஸ் 7க்கு அது 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. ஆகவே அவற்றை அப்படியே இணையத்தில் விட்டுவைப்பதைவிட, நன்றாக ஓடும் பெட்டியை லினக்ஸுக்கு மாற்றுவது எல்லா வகையிலும் நல்லது.

முதல் வேலை, பெட்டிகளைப் பிரித்து வைப்பது. புராசஸர் 64 பிட்டா என்று பாருங்கள். ஏஎம்டி நிறுவனம் 2003இல் 64 பிட் புராசஸர்களைக் கொண்டுவந்தது. இன்டெல் கோர் 2 டுவோ 2006இல் வந்தது, அது முழுக்க 64 பிட். ஆகவே 2008க்குப் பிந்தைய டெஸ்க்டாப் என்றால் ஏறக்குறைய உறுதியாக 64 பிட்தான். விதிவிலக்கு, ஆட்டம் (Atom) என்ற பெயரில் இன்டெல் அந்தக் காலத்தில் விற்ற சிறிய புராசஸர்களில் சில. விண்டோஸ் "32 பிட்" என்று காட்டினால் பயப்பட வேண்டாம். 64 பிட் புராசஸரில் 32 பிட் விண்டோஸைப் போட்டுத் தருவது அன்று சர்வசாதாரணம். புராசஸரின் பெயரைக் குறித்துக்கொண்டு இணையத்தில் தேடினால் உண்மை தெரிந்துவிடும்.

உண்மையிலேயே 32 பிட் மட்டும்தான் என்றால், மனதைத் தேற்றிக்கொண்டு அந்தப் பெட்டியை ஓரமாக வைத்துவிடுங்கள் என்பேன். லினக்ஸ் உலகமே அந்தக் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின், 2025 ஆகஸ்டில் வந்த 13ஆம் பதிப்பில் 32 பிட் கணினிகளுக்கான இன்ஸ்டாலரே கிடையாது. குரோம் 32 பிட் லினக்ஸை 2016இலேயே விட்டுவிட்டது. ஃபயர்ஃபாக்ஸும் 144ஆம் பதிப்போடு நிறுத்திக்கொண்டது. பாதுகாப்பு அப்டேட் வரும் பிரவுசர் இல்லாத கணினியைப் பிள்ளைகள் கையில் கொடுக்க எனக்கு மனம் வராது. இணையம் இல்லாமல் தட்டச்சுப் பழகவோ, பழைய விளையாட்டுகளை ஓட்டவோ வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

அடுத்தது ராம். இப்போது எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, மதர்போர்டு அதிகபட்சம் எவ்வளவு ஏற்கும் என்பது முக்கியம். மதர்போர்டின் மையச் சில்லுத் தொகுப்பான சிப்செட்டின் பெயரை வைத்து இதைச் சொல்லிவிடலாம். இன்டெல் 945, ஜி31 சிப்செட் போர்டுகளில் 4 ஜிபிதான் உச்சம். 945இல் 4 ஜிபி செருகினாலும் 3 ஜிபியும் சொச்சமும்தான் கண்ணில் படும். மீதி முகவரிகளைக் கருவிகள் எடுத்துக்கொள்ளும், 64 பிட் லினக்ஸ் போட்டாலும் அது மாறாது. ஜி41 போர்டு 8 ஜிபி வரை ஏற்கும். 2011க்குப் பிந்தைய எச்61 போர்டுகள் 16 ஜிபி வரை. இந்த வரம்பை வைத்தே உங்கள் பெட்டிகளைப் பிரித்துவிடலாம். 8 ஜிபி ஏற்கும் பெட்டி, கவலையில்லாமல் இன்னும் சில வருடம் ஓடும். 4 ஜிபியில் நின்றுவிடும் பெட்டி, அளவறிந்து பயன்படுத்துபவருக்கு. 2 ஜிபியைத் தாண்டாத பெட்டியை இணையம் பார்க்கும் கணினியாக நினைக்க வேண்டாம்.

ராம் வாங்கும்போது ஒரு சிக்கல் இருக்கிறது, பலர் இதில் பணத்தை விடுகிறார்கள். டிடிஆர் 3 வகை ராம் எடுக்கும் ஜி41 போன்ற பழைய போர்டுகள் பலவும், இரு பக்கமுமாக 16 சில்லுகள் கொண்ட 4 ஜிபி ராமை ஏற்கும். 8 சில்லுகள் மட்டுமே கொண்ட பிந்தைய 4 ஜிபி ராமைச் செருகினால் திரையே வராது. ராம் கெட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கிப்போடுவார்கள். இரண்டிலும் தவறில்லை, அந்த போர்டுக்கு அவ்வளவு அடர்த்தியான சில்லைப் படிக்கத் தெரியாது. வாங்கும் முன் விற்பவரிடம் சில்லுகளை எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். மாற்றித் தருவார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது பெட்டியைத் திறங்கள். மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டுத்தான். மதர்போர்டில் உருளை வடிவ கெப்பாசிட்டர்கள் இருக்கும். அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். புடைத்திருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அந்த போர்டை நம்பி எதையும் செய்யாதீர்கள். 2000களின் முற்பகுதியில் தயாரான கெப்பாசிட்டர்களில் இந்தக் கோளாறு பரவலாக இருந்தது, அதன் மிச்சம் 2007 வாக்கில் வந்த கணினிகளிலும் தென்படும். காரணமே தெரியாமல் நின்றுபோகும் கணினிகள் பலவற்றுக்குக் காரணம் இதுதான். லினக்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை.

விசிறியிலும் அதன் அடியில் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகளான ஹீட்சிங்கிலும் தூசு அடைத்திருக்கும். ஊதித் துடைத்து எடுங்கள். ஊதும்போது விசிறி கன்னாபின்னாவென்று சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். புராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே உள்ள தெர்மல் பேஸ்ட் பத்து வருடத்தில் காய்ந்து பொடியாகியிருக்கும், புதிதாகத் தடவுங்கள். சூடேறினால் புராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இந்தச் சுத்தம் மட்டுமே சில கணினிகளில் கண்கூடான வித்தியாசத்தைக் காட்டும்.

மதர்போர்டில் காசு போல வட்டமாக ஒரு பேட்டரி இருக்கிறதே, சிஆர் 2032, அதையும் மாற்றிவிடுங்கள். அது தீர்ந்துவிட்டால் ஒவ்வொரு முறையும் தேதி பழையபடி பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தவறாக இருந்தால் பிரவுசர் பாதுகாப்பான தளங்களைத் திறக்க மறுக்கும், ஏனென்றால் அந்தத் தளத்தின் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை என்று கணக்குப் போடும். லினக்ஸின் அப்டேட்டும் அதே காரணத்தால் நின்றுவிடும். "இணையம் இருக்கிறது, ஆனால் எதுவும் திறக்கவில்லை" என்ற புகாரில் நான் முதலில் பார்ப்பது கடிகாரத்தைத்தான்.

பிறகு இரண்டு சோதனைகள். மெம்டெஸ்ட்86+ என்ற இலவச நிரலைப் பென் டிரைவில் ஏற்றி, ராமை ஒரு இரவு முழுக்கச் சோதிக்க விடுங்கள். சிவப்பில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ராம் வேண்டாம். டிஸ்க்குக்கு, லினக்ஸை லைவாக, அதாவது இன்ஸ்டால் செய்யாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டி, அதிலுள்ள டிஸ்க்ஸ் என்ற செயலியில் ஸ்மார்ட் தகவலை, அதாவது டிஸ்க் தன் நலத்தைப் பற்றித் தானே வைத்திருக்கும் பதிவைத் திறங்கள். ரீஅலொகேட்டட் செக்டர் (கெட்டுப்போய் மாற்றப்பட்ட பகுதிகள்), பெண்டிங் செக்டர் (படிக்கத் திணறும் பகுதிகள்) ஆகிய இரண்டும் பூஜ்ஜியமாக இருந்தால் நிம்மதி. பெண்டிங் எண் ஏறிக்கொண்டே போனால் அதிலுள்ள கோப்புகளை அன்றைக்கே வேறு இடத்துக்கு எடுத்துவிடுங்கள்.

ஒரே ஒரு பொருளுக்குத்தான் செலவு செய்ய முடியும் என்றால், யோசிக்காமல் எஸ்எஸ்டி. காரணம் எளிய கணக்கு. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8 மில்லி வினாடிக்கு மேல் எடுக்கிறது. அதோடு முள் நகரும் நேரமும் சேர்ந்தால், அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளை வினாடிக்கு நூறு அளவில்தான் படிக்க முடியும். கணினி தொடங்கும்போதும் பிரவுசரைத் திறக்கும்போதும் நடப்பது அப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான சின்னப் படிப்புகள்தான். எஸ்எஸ்டியில் சுழல எதுவும் இல்லை, அதே வேலையைப் பல மடங்கு வேகத்தில் செய்யும். "பழைய போர்டில் டிஸ்க்கை இணைக்கும் வழி மெதுவான சாட்டா 2 தானே, எஸ்எஸ்டியின் முழு வேகம் வராதே" என்பார்கள். பெரிய கோப்பை நகலெடுக்கும்போது அது உண்மை. அன்றாடப் பயன்பாட்டில் நமக்கு வேண்டியது அந்த வேகம் அல்ல, காத்திருக்காமல் கிடைப்பது. அது சாட்டா 2இலும் முழுதாகக் கிடைக்கும். 120 அல்லது 240 ஜிபி எஸ்எஸ்டி போதும். பழைய ஹார்ட் டிஸ்க் நலமாக இருந்தால் படம், பாட்டு வைக்க இரண்டாவதாக இருக்கட்டும்.

செலவில் இரண்டாவது இடம் ராமுக்கு. கிராஃபிக்ஸ் கார்டுக்குச் செலவு செய்யாதீர்கள், அந்தக் காலத்து எஸ்எம்பிஎஸ், அதாவது பெட்டிக்கு மின்சாரம் தரும் பகுதி, அதைத் தாங்குமா என்பதே சந்தேகம். பென்டியம் டி வகைப் பெட்டி ஏதேனும் இருந்தால் அதற்கு எதுவுமே வாங்க வேண்டாம். அந்தப் புராசஸரின் வெப்ப அளவே 95 முதல் 130 வாட் வரை. பின்னால் வந்த கோர் 2 டுவோ 65 வாட்டில் அதைவிட நன்றாக வேலை செய்தது. அதன் ராமையும் டிஸ்க்கையும் கழற்றி வேறு பெட்டிக்குப் பயன்படுத்துங்கள்.

இனி எந்த லினக்ஸ் என்பதற்கு வரலாம். 4 ஜிபியும் அதற்கு மேலும் ராம் உள்ள பெட்டிகளுக்கு லினக்ஸ் மின்ட், அதிலும் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான திரை அமைப்போடு வரும் பதிப்பு. விண்டோஸ் பழகியவர் கை தானாகவே சரியான இடத்துக்குப் போகும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. குறைந்தது 2 ஜிபி ராமும் 20 ஜிபி இடமும் கேட்கிறார்கள், வசதியாக இருக்க 4 ஜிபி என்கிறார்கள். அந்த 4 ஜிபியைத்தான் நீங்கள் குறைந்தபட்சமாக எடுத்துக்கொள்ள வேண்டும். 3 ஜிபியில் நிற்கும் 945 போர்டுகளுக்கு டெபியனை எல்எக்ஸ்க்யூடி என்ற இன்னொரு இலகுவான திரை அமைப்போடு போடுங்கள், அல்லது லுபுண்டு. இன்னும் இறுக்கமான பெட்டிக்கு ஆன்ட்டிஎக்ஸ் இருக்கிறது, மிகக் குறைந்த ராமில் ஓடும். ஆனால் அதன் தோற்றமும் மெனுவும் புதியவரைத் திணறவைக்கும். ஆகவே பக்கத்தில் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தால் மட்டும்.

பப்பி லினக்ஸைப் பலர் சிபாரிசு செய்வார்கள். முழுக்க ராமிலேயே ஓடக்கூடியது, கோப்புகளை மீட்க நான் விரும்பிக் கையில் வைத்திருப்பது. ஆனால் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் கணினியில் நிரந்தரமாகப் போட அதைச் சொல்ல மாட்டேன். அதன் வழக்கமான அமைப்பில் எல்லோரும் ரூட் அதிகாரத்தோடு, அதாவது கணினியில் எதையும் மாற்றும் முழு உரிமையோடு இயங்குகிறார்கள், அது எனக்கு உடன்பாடில்லை. பழைய கணினிகளுக்காக கூகுள் தரும் குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸும் ஒரு வழிதான். ஆனால் அது முழுத் திறமூலம் இல்லை, கூகுள் கணக்கோடு பின்னிப்பிணைந்தது. திறமூலம் வேண்டும் என்றுதானே கேட்டீர்கள், ஆகவே அதை விட்டுவிடுகிறேன்.

ராமையெல்லாம் எடுத்துச் சாப்பிடுவது பிரவுசர்தான். எக்ஸ்எஃப்சிஇ திரை எழுந்து நிற்கச் சில நூறு எம்பி ராம் போதும். பிரவுசரில் நாலு தளம் திறந்தால் ஒரு ஜிபியைத் தாண்டிவிடும். ஆகவே இலகுவான லினக்ஸைத் தேடி அலைந்து 200 எம்பி மிச்சம் பிடிப்பதைவிட, பிரவுசரைக் கட்டுக்குள் வைப்பது பல மடங்கு பலன் தரும். ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் போடுங்கள். விளம்பரங்கள் நின்றால் ராமும் புராசஸரும் ஒருசேர மூச்சு விடும். பழைய கணினிக்கு அதைவிடப் பெரிய உதவியை ஒரு நிரல் செய்து நான் பார்த்ததில்லை.

யூடியூப் திக்கித் திக்கி ஓடுவதற்கு வேறு காரணம். அது இப்போது பெரும்பாலும் விபி9, ஏவி1 என்ற புதிய வடிவங்களில் வீடியோவை அனுப்புகிறது. அந்தக் காலத்துக் கிராஃபிக்ஸ் சில்லுகளுக்கு அவற்றை விரிக்கத் தெரியாது. இன்டெல்லில் விபி9க்கு முழு ஆதரவு ஏழாம் தலைமுறையில்தான் வந்தது. அதனால் முழுச் சுமையும் புராசஸர் தலையில் விழுகிறது. என்ஹான்ஸ்டு எச்264ஃபை என்ற நீட்டிப்பைப் போட்டால், யூடியூபிடம் பழைய எச்.264 வடிவத்தையே கேட்டு வாங்கும். தரத்தை 480 அல்லது 720இல் வைத்தால் கோர் 2 டுவோவிலும் பாடக் காணொளிகள் நிம்மதியாக ஓடும்.

இன்ஸ்டால் செய்வது இந்த எல்லாவற்றையும்விட எளிது. முதலில் பேக்கப். பழைய டிஸ்க்கில் உள்ள எல்லாக் கோப்புகளையும் வேறு டிஸ்க்கில் எடுத்து, எடுத்ததைத் திறந்தும் பாருங்கள். மின்ட் முழுதும் ஒரே கோப்பாக அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்தே இறக்கி, கோப்பு சரியாக வந்ததா என்று அறிய அங்கே கொடுத்திருக்கும் ஷா256 என்ற சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிடுங்கள். இறக்கும்போது கோப்பு சிதைந்திருந்தால், இன்ஸ்டால் பாதியில் புரியாத பிழையோடு நிற்கும். விண்டோஸில் ரூஃபஸ் என்ற நிரலால் பென் டிரைவில் எழுதலாம். பல லினக்ஸ்களைச் சோதிக்க நினைத்தால் வென்டாய் வசதி. ஒருமுறை பென் டிரைவைத் தயார் செய்துவிட்டால் ஐஎஸ்ஓ கோப்புகளை வெறுமனே நகலெடுத்து வைத்தாலே போதும்.

பென் டிரைவிலிருந்து பூட் செய்வதில்தான், அதாவது கணினியைத் தொடங்குவதில்தான், பழைய கணினி அடம் பிடிக்கும். எஃப் 12, எஃப் 10, எஸ்கேப் போன்ற சாவிகளில் ஒன்று பூட் மெனுவைத் திறக்கும். அங்கே யூஎஸ்பி தெரியவில்லை என்றால், பயாஸ் என்ற, மதர்போர்டின் அமைப்புத் திரைக்குள் போய் ஹார்ட் டிஸ்க் வரிசையைத் திறந்து பாருங்கள். அக்காலத்து பயாஸ் பலவும் பென் டிரைவையும் ஒரு ஹார்ட் டிஸ்க்காகவே எண்ணி அந்த உள்பட்டியலில் ஒளித்து வைத்திருக்கும். அதை மேலே ஏற்றினால் வேலை முடிந்தது. முன்பக்க யூஎஸ்பி துளைகளை நம்பாமல் பின்பக்கத்தில் செருகுங்கள். எதற்கும் மசியாவிட்டால் டிவிடியில் எழுதிக்கொள்ளுங்கள், மின்ட் ஒரு டிவிடிக்குள் அடங்கும்.

பயாஸுக்குள் போனபோதே, டிஸ்க்கோடு பேசும் சாட்டா முறை பழைய ஐடிஇ என்று இருந்தால் புதிய ஏஎச்சிஐ ஆக மாற்றிவிடுங்கள், எஸ்எஸ்டிக்கு அதுதான் பொருத்தம். விண்டோஸையும் பக்கத்தில் வைத்துக்கொள்வதாக இருந்தால் மட்டும் இதைத் தொடாதீர்கள். மாற்றினால் பழைய விண்டோஸ் பூட் ஆகாமல் போகலாம். 2012 வாக்கில் வந்த பெட்டிகளில் பழைய பயாஸ் முறையும் அதன் இடத்தில் பின்னால் வந்த யூஇஎஃப்ஐயும் இரண்டுமே இருக்கும். பென் டிரைவை எந்த முறையில் தொடங்குகிறீர்களோ அந்த முறையில்தான் லினக்ஸ் ஏறும். ஒன்றைத் தேர்ந்து அதிலேயே நில்லுங்கள். யூஇஎஃப்ஐயின் முதல் தலைமுறை போர்டுகள் சில குழப்படி செய்யும், அப்போது பழைய முறைக்கே திரும்பிவிடுவது நல்லது. 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கிலிருந்து பூட் செய்யாதவரை அதனால் நஷ்டம் எதுவும் இல்லை.

லைவாக ஓடும்போது அவசரப்பட்டு இன்ஸ்டால் சின்னத்தை அழுத்தாதீர்கள். ஒரு மணிநேரம் அதிலேயே வேலை செய்யுங்கள். சத்தம் வருகிறதா, திரையின் அளவு சரியா, பிரிண்டர் தெரிகிறதா, தூங்கவைத்தால் எழுகிறதா, வைஃபை இருக்கிறதா என்று பாருங்கள். லைவில் ஓடுவது இன்ஸ்டால் செய்த பிறகும் ஓடும். திரை கறுப்பாகவே நின்றால், தொடக்க மெனுவில் கம்பாட்டிபிலிட்டி மோட் என்றிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். இது பெரும்பாலும் பழைய என்விடியா கார்டுகளின் சிக்கல். அவற்றுக்கான என்விடியாவின் சொந்த டிரைவர்கள் நின்றுபோய்ப் பல வருடம் ஆகிறது. நூவோ என்ற திறமூல டிரைவர்தான் கதி, அது ஒழுங்காக ஓடும், விளையாட்டுக்கு மட்டும் போதாது. மதர்போர்டிலேயே இன்டெல் கிராஃபிக்ஸ் இருந்தால் அந்த என்விடியா கார்டைக் கழற்றி வைத்துவிடுவதே என் வழக்கம். ஒரு தொல்லை குறையும், மின்சாரமும் மிச்சம்.

வைஃபை தெரியவில்லை என்றால் கைபேசியை யூஎஸ்பி கம்பியில் இணைத்து டெதரிங்கை இயக்குங்கள். லினக்ஸ் அதை உடனே ஒரு நெட்வொர்க் கார்டாக எடுத்துக்கொள்ளும். அதன் வழியாகத் தேவையான ஃபர்ம்வேரை, அதாவது வைஃபை போன்ற கருவி இயங்க அதற்குள் ஏற்ற வேண்டிய சிறு நிரலை, இறக்கிக்கொள்ளலாம். டெபியனில் 12ஆம் பதிப்பிலிருந்து, அதாவது 2023 முதல், திறமூலம் அல்லாத ஃபர்ம்வேர்களும் இன்ஸ்டாலருக்குள்ளேயே வந்துவிடுகின்றன. அதற்கு முன் இருந்த பெரிய தலைவலி அதோடு தீர்ந்தது. ஆனாலும் டெஸ்க்டாப் ஓரிடத்தில் நிற்பதுதானே, கேபிள் இழுக்க முடிந்தால் அதற்கு ஈடில்லை.

விண்டோஸையும் வைத்துக்கொள்வதா என்று தயங்குவீர்கள். என் கருத்து, வேண்டாம். ஆதரவு முடிந்த விண்டோஸை வைத்திருந்தால் பழக்கதோஷத்தில் எல்லோரும் அதையே திறப்பார்கள், அதிலேயே வங்கிக் கணக்கையும் பார்ப்பார்கள். விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருளோ ஸ்கேனரோ கட்டாயம் வேண்டும் என்றால், ஒரே ஒரு பெட்டியை அதற்கென ஒதுக்கி இணையத்தைத் துண்டித்து வையுங்கள். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட உதவும் வைன் மூலம் ஓட்டிக்கொள்ளலாம் என்று நம்பி இருக்கிற விண்டோஸை அழித்துவிடாதீர்கள். ஓடுகிறதா என்று முதலில் வேறு கணினியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்ஸ்டால் ஆனதும் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். எல்லா அப்டேட்களையும் போட்டுவிட்டு, அப்டேட் மேனேஜரில் தானியங்கி அப்டேட்டை இயக்குங்கள். டைம்ஷிஃப்ட் நிரலில் ஒரு மீட்புப் புள்ளி எடுத்து வையுங்கள். 4 ஜிபியும் அதற்குக் கீழும் உள்ள பெட்டிகளில் இசட்ரேம் போடுங்கள். ராமில் ஒரு பகுதியைச் சுருக்கிப் பயன்படுத்தும் ஏற்பாடு அது. டிஸ்க்குக்குப் போய்த் திரும்புவதைவிடச் சுருக்கி விரிப்பது வேகமானது என்பதால், இறுக்கமான நேரத்தில் கணினி உறையாமல் தாக்குப்பிடிக்கும். "லினக்ஸை வேகமாக்கும் இருபது வழிகள்" என்று சுற்றி வருபவற்றை நம்பி சிஸ்டம் கோப்புகளில் கை வைக்க வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை பழைய கதை.

தமிழில் தட்டச்சு செய்ய, ஐபஸ் என்ற தட்டச்சு உதவி நிரலோடு எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ்99, ஒலிப்புமுறை இரண்டுமே அதில் உண்டு. ஆவணங்கள் தயாரிக்கும் லிப்ரேஆஃபீஸில் வெளியிலிருந்து வரும் வேர்டு கோப்புகள் வரி மாறி, பக்கம் மாறித் தெரிந்தால், குற்றம் பெரும்பாலும் எழுத்துருவில்தான். காலிப்ரியின் அகலத்துக்கு அப்படியே பொருந்தும் கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குக் கலாடியா, டைம்ஸுக்கும் ஏரியலுக்கும் லிபரேஷன் என்று இலவச எழுத்துருக்கள் இருக்கின்றன. அவற்றைப் போட்டாலே பாதிப் புகார் நின்றுவிடும்.

பெட்டிகள் பல என்பதால் ஒவ்வொன்றிலும் இதையெல்லாம் திரும்பச் செய்ய வேண்டாம். ஒரு பெட்டியை மட்டும் முழுக்கத் தயார் செய்து, ஒரு வாரம் எல்லோரும் அதைப் பயன்படுத்தட்டும். அப்போதுதான் என்ன விடுபட்டது என்று தெரியும். பிறகு குளோன்சில்லாவைக் கொண்டு அதன் டிஸ்க்கை அப்படியே படியெடுத்து மற்றவற்றில் இறக்குங்கள். விண்டோஸ் போல அல்லாமல், லினக்ஸ் வேறு மதர்போர்டில் போட்டாலும் பொதுவாகத் தடையின்றி எழுந்து நிற்கும், ஏனென்றால் டிரைவர்கள் பெரும்பாலும் லினக்ஸின் மையப்பகுதியான கர்னலோடு சேர்ந்தே வருகின்றன. இரண்டு நிபந்தனைகள் உண்டு. இறக்கும் டிஸ்க் மூல டிஸ்க்கைவிடச் சிறிதாக இருக்கக் கூடாது. இரண்டு கணினிகளும் ஒரே பூட் முறையில் இருக்க வேண்டும். ஆகவே இருப்பதிலேயே சிறிய எஸ்எஸ்டியில் மூலத்தைத் தயார் செய்யுங்கள்.

படியெடுத்த பிறகு ஒவ்வொரு கணினிக்கும் தனிப் பெயர் கொடுங்கள், ஒவ்வொரு கணினிக்கும் உள்ள அடையாள எண்ணான மெஷின் ஐடியைப் புதிதாக உருவாக்குங்கள், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய எஸ்எஸ்எச் பயன்படுத்தினால் அதன் சாவிகளையும். இதை விட்டுவிட்டால் சில நெட்வொர்க்குகளில் இரண்டு கணினிகள் ஒரே முகவரியைக் கேட்டு மோதிக்கொள்ளும். நேரம் போவதே தெரியாமல் காரணம் தேடிக்கொண்டிருப்பீர்கள். மின்டின் தொடக்க மெனுவில் ஓஇஎம் இன்ஸ்டால் என்று ஒன்று இருக்கும். அந்த வழியில் மூலத்தைப் போட்டால், ஒவ்வொரு பெட்டியையும் முதல்முறை திறப்பவரே தன் பெயரையும் கடவுச்சொல்லையும் வைத்துக்கொள்ளலாம். இணைய வேகம் குறைவு என்றால் ஒரு பெட்டியில் ஆப்ட் கேச்சர் என்ஜி போடுங்கள். ஒரு கணினி இறக்கிய அப்டேட்டை மற்றவை அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும்.

கணினியை யாரிடம் கொடுக்கிறீர்களோ அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவருடைய சொந்த வேலை ஒன்றைத் தொடக்கம் முதல் கடைசிவரை அதில் செய்யவைத்துப் பாருங்கள். கோப்பைத் திறப்பது, திருத்துவது, அச்சிடுவது, மின்னஞ்சலில் அனுப்புவது வரை. மெனுவில் உள்ள எல்லாவற்றையும் நீங்கள் விளக்கிக் காட்டுவதால் எதுவும் மனதில் நிற்காது. அவர் தடுமாறும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அந்தச் சின்னத்தை முகப்புக்குக் கொண்டுவந்து வைத்தால் போதும்.

ஒவ்வொரு பெட்டியின் பக்கவாட்டிலும் ஒரு தாள் ஒட்டுங்கள்: புராசஸரின் பெயர், ராமின் அளவும் வகையும், எஸ்எஸ்டி போட்ட தேதி, பேட்டரி மாற்றிய தேதி, பூட் மெனுவுக்கான சாவி, போட்டிருக்கும் லினக்ஸின் பதிப்பு, அதற்கு அப்டேட் முடியும் வருடம். மின்ட் 22 என்றால் 2029. டெபியன் 13 என்றால் வழக்கமான ஆதரவு 2028 வரை, நீட்டித்த ஆதரவு 2030 வரை. அடுத்த பதிப்பு அந்தப் பெட்டியில் ஏறுமா என்று அந்த வருடத்துக்குச் சில மாதம் முன்பே ஒரு பென் டிரைவில் லைவாக ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.